ஊட்டி உயரத்தில் ஒற்றை லீவர் ரைஸ் குக்கர்: காந்த சுவிட்சை வைத்து ஒரு மதிப்பீடு

நீலகிரியிலோ கொடைக்கானலிலோ ரைஸ் குக்கர் வாங்கப் போகிறவர்கள் கடையில் லிட்டர் கேட்கிறார்கள், வாட் கேட்கிறார்கள், வாரண்டி கேட்கிறார்கள். சோறு அடிப்பிடிக்குமா, மேல்சோறு வேகுமா என்பதைத் தீர்மானிக்கும் எண்ணை யாரும் கேட்பதில்லை. அட்டையிலும் அது இருப்பதில்லை. அந்த எண் 103. லீவரைத் தட்டிவிடும் காந்த சுவிட்ச், பெரும்பாலான சாதாக் குக்கர்களில், 103 டிகிரி செல்சியஸில் விட்டுவிடும்படி செய்யப்பட்டிருக்கிறது. இரண்டு டிகிரி முன்னே பின்னே இருக்கலாம். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதால் சென்னைக்கு அந்த எண் சரி. 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92.6 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. மலையில் இந்தக் குக்கரின் நல்லது கெட்டது எல்லாம் அந்தப் பத்து டிகிரி இடைவெளியில்தான் இருக்கிறது.

இங்கே மதிப்பிடுவது எந்த ஒரு பிராண்டையும் அல்ல. 1 லிட்டர் 400 வாட்டிலிருந்து 1.8 லிட்டர் 700 வாட் வரை, முன்பக்கம் ஒரே ஒரு லீவர், ‘குக்’, ‘வார்ம்’ என்று இரண்டு விளக்கு, மேலே கண்ணாடி அல்லது எவர்சில்வர் மூடி. இந்த வகைக் குக்கர்களைத் திருப்பிப் போட்டுக் கழற்றினால் உள்ளே அநேகமாக ஒரே அமைப்புதான். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மலையில் சோறு வடிக்க நேரமில்லாத வீட்டுக்கு, எஸ்டேட் குடியிருப்புக்கு, சின்ன ஹோம்ஸ்டேக்கு இது இன்றும் வாங்கத் தகுந்த பொருள். ஆனால் பெட்டியோடு வரும் கையேட்டில் உள்ள தண்ணீர் அளவை அப்படியே நம்பினால் கீழே காந்தலும் மேலே அரைவேக்காடும்தான் கிடைக்கும்.

சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். உள்பாத்திரத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஹீட்டர் பிளேட்டின் நடுவே வட்டமாக ஓர் ஓட்டை, அதில் ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் அலுமினியத் தொப்பி. அதுதான் சென்சார். பாத்திரத்தை வைத்ததும் அதன் அடி இந்தத் தொப்பியை அழுத்தி ஒட்டிக்கொள்ளும். தொப்பிக்குள் மேல்பக்கம் ஃபெரைட் என்னும் காந்தப் பீங்கான் வில்லை ஒன்று அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். அதற்குக் கீழே இன்னொரு ஸ்பிரிங்கில் நிலைக்காந்தம் ஒன்று தொங்கும். அதிலிருந்து ஒரு கம்பி லீவருக்குப் போகும். லீவரை அழுத்தும்போது காந்தம் மேலே போய் ஃபெரைட்டில் ஒட்டுகிறது. ‘டக்’ என்று கேட்பது அதுதான். மின்சாரத்தை இணைக்கும் பாயிண்டுகள் சேர்ந்து பிளேட்டுக்கு முழு மின்சாரம் போகிறது.

பாத்திரத்தில் தளும்பும் தண்ணீர் இருக்கும்வரை அதன் அடி கொதிநிலையை ஒட்டி, ஓரிரு டிகிரி மேலே நிற்கும். தண்ணீர் ஆவியாகவும் அரிசிக்குள்ளும் போய் முடிந்த பிறகுதான் அடிச்சூடு ஏறத் தொடங்கும். 103-ஐ நெருங்கும்போது அந்த ஃபெரைட் தன் காந்தத்தன்மையை இழக்கிறது. பிடி விடுகிறது, ஸ்பிரிங் காந்தத்தைக் கீழே இழுக்கிறது, லீவர் எழுகிறது, குக்கர் வார்முக்கு மாறுகிறது.

உள்ளே கம்ப்யூட்டர் சில்லு கிடையாது, டைமர் கிடையாது. ஒரு பொருளின் நிலைமாற்றம் மட்டும்தான் இங்கே மூளை. காந்தப் பொருளுக்குள் அணுக்களின் சிறு காந்தங்கள் ஒழுங்காக அணிவகுத்து நிற்கின்றன. சூடு ஏற ஏற அந்த அணி கலைகிறது. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் முற்றிலும் சிதறிவிடுகிறது. பியர் கியூரி 1895-இல் தன் ஆய்வேட்டில் இதை விரிவாக எழுதினார். அதனால் அந்த வெப்பநிலைக்குக் கியூரி வெப்பநிலை என்று பெயர். இரும்புக்கு அது 770 டிகிரி, நிக்கலுக்கு சுமார் 358, காடோலினியம் என்ற உலோகத்துக்கு ஏறக்குறைய 20. கோயம்புத்தூர் மதிய வெயிலில் காந்தத்தில் ஒட்டாத காடோலினியத் துண்டு ஊட்டிக் காலைக் குளிரில் நன்றாக ஒட்டும்.

இரும்பையும் நிக்கலையும் குக்கரில் பயன்படுத்த முடியாது. சோறு கரியான பிறகும் காந்தம் விடாது. 1930-இல் டோக்கியோவில் யோகோரோ கட்டோவும் தகேஷி தகேயும் உருவாக்கிய ஃபெரைட் என்னும் காந்த ஆக்சைடுப் பீங்கான் வகைதான் இந்த வேலையைச் சாத்தியமாக்கியது. மாங்கனீஸ் ஃபெரைட்டின் கியூரி வெப்பநிலை சுமார் 300 டிகிரி. அதில் மாங்கனீசின் ஒரு பகுதிக்குப் பதில் துத்தநாகத்தைச் சேர்த்தால் அது இறங்குகிறது. எவ்வளவு சேர்க்கிறோமோ அவ்வளவு இறங்கும். துத்தநாக அயனிக்குக் காந்தம் கிடையாது. படிகத்துக்குள் அது போய் உட்காரும் இடங்களில், ஒன்றையொன்று பிடித்து நிறுத்தும் இழுவை அறுந்துபோகிறது. அணி குறைந்த சூட்டிலேயே கலைகிறது. ஆக 103 என்பது இயற்கை விதித்த எண் அல்ல. உலையில் போடும் துத்தநாகத்தின் அளவால் மனிதர்கள் தேர்ந்தெடுத்த எண். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொரு நுட்பமும் கவனிக்கத் தக்கது. ஃபெரைட்டில் நடப்பது படிப்படியாக இறங்கி முடியும் தொடர் நிலைமாற்றம். உள்ளுறை வெப்பம் இல்லை, பெரிய கன அளவு மாற்றம் இல்லை, சூடேறும்போது ஓர் எண், ஆறும்போது வேறோர் எண் என்ற இழுபறியும் இல்லை. காந்தத்தைக் கொண்டு குளிரூட்டும் காந்தக் குளிர்பதன ஆராய்ச்சியில் பேசப்படும் லாந்தனம்–இரும்பு–சிலிக்கான் போன்ற கலவைகளில் மாற்றம் திடீரென்று நிகழ்கிறது. கன அளவு ஒரு சதவீத அளவுக்கு மாறுகிறது. திரும்பத் திரும்பச் சூடேற்றி ஆற்றினால் விரிசல் விழுகிறது. குளிர்பதனத்துக்கு அந்தத் திடீர்ப் பாய்ச்சல் வேண்டும். தினமும் இரண்டு முறை, பல வருஷம் உழைக்க வேண்டிய சுவிட்சுக்கு ஃபெரைட்டின் அமைதியான மாற்றமே ஏற்றது. வேறு சில சுவிட்சுகளில் இருக்கும் பைமெட்டல் தகடு, அதாவது சூட்டில் வளையும் இரட்டை உலோகத் தகடு, வளைந்து வளைந்து அளவு தப்பும். ஃபெரைட்டின் எண் அதன் சேர்மானத்திலேயே பதிந்திருப்பதால் தேய்வதில்லை. பழைய குக்கர் அடிப்பிடிக்கத் தொடங்கினால் “காந்தம் போயிடுச்சு” என்று சொல்வார்கள். பெரும்பாலும் அது போயிருக்காது. கோளாறு வேறெங்கோ இருக்கும்.

ஒருமுறை விட்ட லீவர், சோறு ஆறியதும் தானாக மறுபடி ஒட்டுவதில்லையே, ஏன்? காந்தம் கீழே விழுந்ததும் நடுவில் இடைவெளி உண்டாகிவிடுகிறது. இடைவெளி கூடக்கூடக் காந்த இழுவிசை மிக வேகமாகக் குறையும். ஃபெரைட் ஆறித் தன் காந்தத்தன்மையை மீட்டுக்கொண்டாலும் ஸ்பிரிங்கை வென்று மேலே வர அந்த இழுப்பு போதாது. கை வைத்து அழுத்தினால்தான் உண்டு. இந்த எளிமையால்தான் இது பாதுகாப்பானது.

இப்போது உயரத்துக்கு வருவோம். தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய 300 மீட்டருக்கு 1 டிகிரி இறங்கும். கோத்தகிரி, குன்னூர் உயரத்தில் சுமார் 94. கொடைக்கானலில் 93. ஊட்டியில் 92.6. தொட்டபெட்டா உச்சியில், 2637 மீட்டரில், 91-ஐச் சற்றுத் தாண்டும். கூடலூர் தாழ்வாக இருப்பதால் 96-க்கு மேல். அங்கே கையேட்டு அளவே சிறு திருத்தத்தோடு போதும். மேட்டுப்பாளையத்தில் பிரச்சினையே இல்லை.

சென்னையில் தண்ணீர் வற்றியபின் அடி இரண்டு மூன்று டிகிரி ஏறினால் லீவர் எழுந்துவிடும். ஊட்டியில் பத்து டிகிரி ஏறியாக வேண்டும். அந்த நேரம் முழுக்க 700 வாட் வெப்பம் காய்ந்த அடிச்சோற்றின் மேல் இறங்குகிறது. அடியில் பழுப்புப் பொருக்கு விழுவது அதனால்தான். மேலே நடப்பது இதற்கு நேர்மாறு: 92 டிகிரியில் அரிசி வேக, 100 டிகிரியில் எடுப்பதைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு நேரம் வேண்டும். தண்ணீரோ அதற்குள் வற்றிவிடுகிறது. அடி தீய, மேல் நறுக்கென்று நிற்க, வாங்கியவர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார். குக்கர் பழுதில்லை, சமவெளிக்குச் செய்த எண்ணை மலைக்கு ஏற்றிவிட்டோம், அவ்வளவே.

இதைச் சரிக்கட்ட வழி தண்ணீர்தான். இந்தக் குக்கருக்குத் தெரிந்த ஒரே கடிகாரம் தண்ணீர். கூடுதலாக ஊற்றும் தண்ணீர் லீவர் எழும் சூட்டை மாற்றாது; லீவர் எழும் நேரத்தைத் தள்ளிப்போடும். 100 மில்லி தண்ணீரை ஆவியாக்க 700 வாட் பிளேட்டுக்குக் குறைந்தது 5 நிமிடம் வேண்டும், 400 வாட்டுக்கு 9 நிமிடத்துக்கு மேல். அந்த நிமிடங்கள்தான் மேல்சோற்றுக்குத் தேவை.

ஊட்டி, கொடைக்கானல் உயரத்துக்குத் தொடக்க அளவு இது. பச்சரிசி 1 கப்புக்குச் சமவெளியில் 2 கப் தண்ணீர் என்றால் இங்கே இரண்டேகால். புழுங்கலரிசிக்கு 3 கப் என்றால் இங்கே மூன்றரை. நியாயவிலைக் கடையின் தடித்த புழுங்கலுக்கு இன்னும் கால் கப் கூட்டலாம். கோத்தகிரி, குன்னூருக்கு இந்தக் கூடுதலில் பாதி போதும். பழைய அரிசி அதிகம் குடிக்கும், புது அரிசி குழையும். அதற்கேற்பக் கால் கப்புக்குள் முன்னே பின்னே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊறவைப்பதை விடவே கூடாது. பச்சரிசி 30 நிமிடம், புழுங்கல் ஒரு மணி நேரம். அரிசியின் நடுவரை தண்ணீர் முன்கூட்டியே போயிருந்தால் 92 டிகிரிச் சூடே அதை வேகவைக்கப் போதும். நடு காய்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கவே பாதி நேரம் போய்விடும். மார்கழி, தை மாதங்களில் குழாய்த் தண்ணீர் 10 டிகிரிக்கு வந்துவிடும். அந்தக் குளிரில் அரிசி மந்தமாகத்தான் ஊறும். கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, அதே தண்ணீரோடு குக்கரில் போட்டால் வேலை பாதி முடிந்தது.

லீவர் எழுந்தவுடன் மூடியைத் திறக்காதீர்கள். 15 நிமிடம் வார்மில் விடுங்கள். அடியில் தங்கிய சூடும் நீராவியும் மேலே பரவி நறுக்குத்தன்மையை எடுத்துவிடும். பிறகு அடிவரை கரண்டி விட்டுக் கிளறுங்கள்.

மேல்சோறு இன்னும் வேகவில்லை என்று உடனே லீவரை மறுபடி அழுத்தினால் நிற்காது. ஃபெரைட் இன்னும் சூடாக இருக்கிறது, காந்தத்துக்குப் பிடிக்க எதுவும் இல்லை. கால் கப் வெந்நீர் தெளித்து, சில நிமிடம் ஆறவிட்டு அழுத்தினால் பிடிக்கும். லீவரில் தீக்குச்சி செருகுவதும், கிளிப் மாட்டுவதும், ரப்பர் பேண்ட் போடுவதும் வேண்டவே வேண்டாம். அப்படிச் செய்தால் குக்கரில் சூட்டைக் கட்டுப்படுத்த மிஞ்சுவது தெர்மல் ஃப்யூஸ் மட்டும். பெரும்பாலும் 165 முதல் 190 டிகிரிக்குள் அறுந்துபோகும் அது ஒருமுறைதான் காக்கும். அறுந்தால் மாற்ற வேண்டும். சில ரிப்பேர் இடங்களில் ஃப்யூஸை எடுத்துவிட்டு வெறும் ஒயரை முறுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். குக்கர் ஓடும், ஆனால் அடுத்த முறை பாயிண்ட் ஒட்டிக்கொண்டால் வீடு எரியும். ஃப்யூஸ் மேல் அச்சிட்டிருக்கும் டிகிரியும் ஆம்பியரும் அப்படியே உள்ளதை வாங்கிப் போடச் சொல்லுங்கள். சாலிடர் சூட்டிலேயே அது அறுந்துவிடும் என்பதால் கிரிம்ப் செய்துதான், அதாவது சிறு உலோகக் குழலில் வைத்து நசுக்கித்தான் மாட்ட வேண்டும்.

அடிக்கடி வரும் கோளாறுகளில் முதலாவது கஞ்சி. பொங்கி வழியும் கஞ்சி பிளேட்டின் நடு ஓட்டைக்குள் இறங்கி, தொப்பியைச் சுற்றிப் பசைபோல் காய்ந்துவிடும். தொப்பி மேலே எழும்பாது. பாத்திரத்தின் அடியை முழுதாகத் தொடாது. நடுவில் மெல்லிய காற்றிடைவெளி விழுந்தாலே போதும், பாத்திரம் 120 டிகிரியைத் தொட்டபின்தான் ஃபெரைட் 103-ஐ உணரும். மலையில் ஏற்கெனவே பத்து டிகிரி பின்தங்கியிருக்கும் சுவிட்சுக்கு இந்தத் தாமதமும் சேர்ந்தால் அடி கரிதான். பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, கட்டைவிரலால் தொப்பியை அழுத்திப் பாருங்கள். எந்தப் பக்கம் அழுத்தினாலும் தயங்காமல் இறங்கி, விட்டதும் பிளேட் மட்டத்துக்கு மேலே எழ வேண்டும். இல்லையென்றால் ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து சுற்றிலும் வைத்துக் காய்ந்த கஞ்சியை ஊறவிட்டு, மரக்குச்சியால் எடுங்கள். தண்ணீரை ஊற்றக் கூடாது, கத்தி வைத்து நெம்பக் கூடாது. மேல்பரப்பில் படிந்த கறைக்கு மிக நைசான எமரி தாளைத் தண்ணீரில்லாமல் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் போதும்.

இரண்டாவது பாத்திரத்தின் அடி. சிங்க்கில் விழுந்து நசுங்கிய பாத்திரம் நடுவில் உள்வாங்கியிருந்தால் அதே காற்றிடைவெளிதான். கவிழ்த்து ஸ்கேல் வைத்துப் பார்த்தால் தெரியும். வைக்கும்போது பாத்திரத்தை இடமும் வலமுமாக ஒருமுறை திருப்பி உட்காரவையுங்கள். அடியில் ஒட்டிய ஒற்றை அரிசி கூட ஒரு பக்கத்தைத் தூக்கிவிடும். அடியில் ஈரமும் இருக்கக் கூடாது.

மூன்றாவது இதற்கு எதிர்: தண்ணீர் இருக்கும்போதே லீவர் எழுந்துவிடுவது. ஃபெரைட்டின் காந்தத்தன்மை 103-இல் சட்டென்று அறுவதில்லை, 103-ஐ நோக்கி இறங்கிக்கொண்டே வருகிறது. இழுவிசை ஸ்பிரிங்கைவிடக் குறையும் கணத்தில்தான் பிடி விடும். ஆகவே காந்தத்துக்கும் ஃபெரைட்டுக்கும் நடுவே துரு, மாவு, கரப்பான் எச்சம் எது புகுந்தாலும் இடைவெளி கூடி, பிடி முன்கூட்டியே விட்டுவிடும். ஊட்டிப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சுவரே ஈரமாக இருக்கும். அந்த நாட்களில் ஃபெரைட்டும் நிலைக்காந்தமும் துருப்பிடிப்பதில்லை, இரண்டும் ஏற்கெனவே ஆக்சைடுகள். அவற்றைத் தாங்கும் இரும்புக் கிண்ணமும் கம்பியும் ஸ்பிரிங்கும்தான் துருப்பிடிக்கும். தொப்பியும் ஃபெரைட்டும் காந்தமும் சேர்ந்த அசெம்பிளியைக் கழற்றி, ஃபெரைட், காந்தம் இரண்டின் முகங்களையும் உலர்ந்த துணியால் துடைத்தாலே பெரும்பாலும் தீரும். எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. காந்தம் பலவீனம் என்று எண்ணி ஒளிரும் வெள்ளி நிற நியோடிமியம் காந்தத்தை ஒட்டவைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் இழுவிசை மிக அதிகம். அதனால் ஃபெரைட் ஏறக்குறைய முழுக்கக் காந்தம் இழக்கும்வரை விடாது, காந்தல் கூடும். சாதாரணத் தர நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் தன் வலுவை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும் என்பதால், சில நாளில் நிலைமை தலைகீழாகி, லீவர் நிற்கவே நிற்காது. குக்கரில் இருக்க வேண்டியது ஸ்ட்ரான்ஷியம் அல்லது பேரியம் ஃபெரைட் காந்தம், கறுப்பு நிறம். ஒரு டிகிரிக்கு 0.2 சதவீத அளவில் வலு குறைந்தாலும் ஆறியதும் முழுதாக மீண்டுவிடும். அதன் கியூரி வெப்பநிலை 450 டிகிரி. அசெம்பிளி முழுவதும் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்போது ஒட்டுவேலை தேவையில்லை. உதிரி வாங்கும்போது தொப்பியின் மேல் 103 என்று பொறித்திருக்கிறதா, தொப்பியின் விட்டமும் கம்பியின் நீளமும் பழையதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். கம்பி சற்று நீளமாக இருந்தால் ‘குக்’ விளக்கு எரியும், ஆனால் காந்தம் ஃபெரைட்டைத் தொட்டிருக்காது.

புது அசெம்பிளி சரியானதா என்று சோதிக்க அதைக் கொதிநீரில் போட்டுப் பார்த்துப் பயனில்லை. ஊட்டியில் கொதிநீரே 92.6 தான். உப்பைக் கரையும் மட்டும் கரைத்துக் கொதிக்கவைத்தாலும் 101 பக்கம்தான் போகும். குக்கரிலேயே மாட்டி, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, மூடியில்லாமல் ஓடவிடுங்கள். தண்ணீர் முற்றிலும் வற்றிய சற்று நேரத்தில் லீவர் எழுந்தால் சரி. தண்ணீர் இருக்கும்போதே எழுந்தால் காந்தப் பிடி குறை. வற்றிய பின்னும் எழாமல் பாத்திரம் மணக்கத் தொடங்கினால் கையால் அணைத்துவிட்டுத் தொப்பித் தொடுகையைப் பாருங்கள்.

மின்னழுத்தம் குறைந்தால் சோறு கெடுமா? கெடாது, தாமதமாகும். 230 வோல்ட்டில் 700 வாட் தரும் பிளேட் 180 வோல்ட்டில் 430 வாட்தான் தரும். உண்மையில் மலையில் இது சோற்றுக்கு நல்லது; மெதுவாக வற்றினால் மேல்சோறு வேக நேரம் கிடைக்கிறது. அதனால்தான் 1.8 லிட்டரில் 1000 வாட்டும் 700 வாட்டும் கிடைத்தால் 700-ஐ எடுக்கச் சொல்கிறோம். பாத்திரம் கனமான அலுமினியமாக இருக்கட்டும். அலுமினியம் எவர்சில்வரைவிடச் சுமார் 15 மடங்கு வெப்பம் கடத்தும். மெல்லிய எவர்சில்வர் அடியில் ஹீட்டர் காயில் வளையத்துக்கு மேலே தீய்ந்துகொண்டிருக்கும்போது நடுவில் இருக்கும் சென்சாருக்குச் செய்தி போய்ச் சேராது.

மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது மலையில் வழக்கம். அப்போது இந்தச் சுவிட்சின் அருமை தெரியும். கரண்ட் போனாலும் காந்தம் ஃபெரைட்டைப் பிடித்தபடியே இருக்கும். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து வேகவைக்கும். டிஜிட்டல் குக்கர்கள் பலவும் கரண்ட் போய் வந்தால் முதலிலிருந்து கேட்கும். டிஜிட்டலுக்கு ஒரு சாதகம் உண்டு: கொதிநிலையில் வெப்பம் ஏறாமல் நிற்பதைக் கவனித்து, அங்கிருந்து எவ்வளவு ஏறியது என்று கணக்கிடும் வகையாக இருந்தால் எந்த உயரத்திலும் சரியாக நிறுத்தும். ஒரே எண்ணில் நிறுத்தும் டிஜிட்டலால் மலையில் கூடுதல் பயன் இல்லை. கடையில் இதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளாமல் அதிகப் பணம் கொடுக்க வேண்டாம்.

பருப்புக்கும் பயறுக்கும் இந்தக் குக்கர் வேண்டாம். கொண்டைக்கடலை, பட்டர் பீன்ஸ், காய்ந்த அவரை எதுவும் 92 டிகிரியில் ஒழுங்காக வேகாது. ராஜ்மா சரியாக வேகாவிட்டால் வயிற்றைக் கெடுக்கும் நச்சும் அதில் தங்கும். அதற்கு வெயிட் போடும் பிரஷர் குக்கர்தான். வெயிட்டின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தோடு சேர்வதால் சமவெளியில் 120 டிகிரி தரும் அதே குக்கர் ஊட்டியில் 116 தரும். நான்கு டிகிரி குறைவுக்கு ஒன்றிரண்டு விசில் கூட்டினால் போதும். இட்லித் தட்டு வைத்து ஆவியில் வேகவைக்க ரைஸ் குக்கர் உதவும். நேரத்தைக் கூட்டி, தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தயாரிப்பாளர்களிடம் ஒரு கோரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலைக்கென்று 96 டிகிரி சென்சாரை உதிரியாக விற்க முடியும். ஃபெரைட்டில் துத்தநாகத்தைக் கொஞ்சம் கூட்டினால் ஆயிற்று. அச்சு, தொப்பி, ஸ்பிரிங் எதுவும் மாற வேண்டாம். கியூரி வெப்பநிலையைத் தேர்வுக்கு விடுவது புதிய யோசனையும் அல்ல. வெல்லர் நிறுவனத்தின் மேக்னாஸ்டாட் சாலிடரிங் அயர்னில் முனையின் பின்னால் இதே தத்துவத்தில் ஒரு காந்த வில்லை இருக்கிறது. 6, 7, 8 என்று எண்ணிட்ட முனைகளை மாற்றினால் சூடு மாறும், 7-ஆம் எண் சுமார் 370 டிகிரி. சாலிடர் வேலைக்குத் தரும் வசதியைச் சோற்றுக்கும் தரலாம். ஊட்டி, கொடைக்கானல், டார்ஜிலிங், சிம்லா என்று 2000 மீட்டரை ஒட்டியும் தாண்டியும் சமைக்கும் வீடுகள் இந்த நாட்டில் நிறைய இருக்கின்றன. 96 டிகிரி சென்சாரைச் சமவெளியில் மாட்டினால் தண்ணீர் கொதிக்கும் முன்பே விட்டுவிடும் என்பதால் வேறு நிறத் தொப்பியோடு, ‘மலைப்பகுதிக்கு மட்டும்’ என்று அச்சிட்டு விற்க வேண்டும்.

வாங்கும்போது பெட்டியைக் கடையிலேயே பிரித்துப் பாருங்கள். பாத்திரத்தை எடுத்துத் தொப்பியை அழுத்தி விடுங்கள். பாத்திரத்தை வைத்து லீவரை அழுத்தும்போது ‘டக்’ என்று தெளிவாகக் கேட்க வேண்டும். பிளக் போடாமலே லீவர் நிற்க வேண்டும், குக்கரை லேசாகத் தட்டினாலும் விழக் கூடாது. அடுத்தது வார்ம். சமவெளியின் 30 டிகிரி அறைக்குப் போதுமான வார்ம் ஹீட்டர், ஊட்டியின் 8 டிகிரி அடுக்களையில் சோற்றை 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்கத் திணறும். உடலைச் சுற்றித் தனி வார்ம் ஹீட்டர் பட்டையும் பொருத்தமான மூடியும் உள்ள மாடலாக எடுங்கள். வீட்டில் ஒருநாள், லீவர் எழுந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சோற்றின் நடுவில் சமையல் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். 60-க்குக் கீழே காட்டினால் அந்தக் குக்கரில் சோற்றை வார்மில் நெடுநேரம் வைக்காதீர்கள். சூடாக ஹாட்பாக்ஸுக்கு மாற்றிவிட்டு, மிஞ்சியதை ஆறியவுடன் ஃபிரிட்ஜில் வையுங்கள்.